ஆறின புண் என்று நான் சொன்னது

மச்சான்,

போன மாதம், போகிக்கு முந்தின நாள், பீரோவை ஒழிக்கும்போது உன் ஸ்கேன் கவர் கையில் வந்தது. பழைய வேட்டிகளுக்கும் என் சான்றிதழ் ஃபைலுக்கும் நடுவில், நான் செருகி வைத்த மேனிக்கே நின்றுகொண்டிருந்தது. பெரிய வெள்ளைக் கவர், மேலே உன் பெயர், வயது. மூலையில் நீ பிடித்திருந்த இடத்தில் மீன் வாசனை அடிக்கிற மாதிரி இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து வாசனை இருக்குமா? இருக்காது. நான் விலங்கியல் வாத்தியார், அதுகூடவா தெரியாது. ஆனாலும் மோந்து பார்த்தேன்.

"அது போடறதா, வெக்கறதா?" என்று என் மனைவி கேட்டாள். அவள் கையில் ஏற்கெனவே ஒரு மூட்டை இருந்தது. நிமிர்ந்தவள், கவரைப் பார்த்ததும் மூட்டையோடு வெளியே போய்விட்டாள்.

உள்ளே மூன்று ஃபிலிம், ஸ்டேப்ளர் அடித்த ரிப்போர்ட், நாலாக மடித்த ஒரு தாள். அந்தத் தாளை ஏதோ ரசீது என்று நினைத்து நான் அன்றைக்குப் பிரிக்கவே இல்லை. இப்போது பிரித்தேன். அதில் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியம் இல்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

தாம்பரத்தில் பிளஸ் டூ படிக்கும்போது நாம் ஒரே பெஞ்ச். அப்போதெல்லாம் லேபில் தவளை அறுக்க விடுவார்கள். உன் கை மீன் ஆய்ந்து பழகிய கை. நீ ஒரு கோடு போட்டால் குடல் அறுபடாமல் மொத்தமாக வெளியே வரும். என் தவளையையும் நீதான் அறுத்தாய், உன் ரெக்கார்டு நோட்டில் படத்தை நான் வரைந்தேன். கடைசியில் படம் வரைந்தவன் வாத்தியார் ஆனான். அறுக்கத் தெரிந்தவன் தேவியைக் கட்டிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் மீன் கடை போட்டான். "இன்னா வாத்தி, கொடுவா கீது, பாத்துகினே போறியே" என்று நீ கூப்பிட்டால் சிக்னலில் நிற்கிற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். இப்போது அந்தக் குரலுக்கு ஏங்குகிறேன், அது வேறு கதை.

உன் வயிற்றுக்கு முதலில் டி.பி. என்றார்கள். நம் ஊரில் குடல் புண் என்றால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவார்களாம். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினாய். கேட்கவில்லை. பிறகு கேமரா விட்டு, சதை எடுத்துப் பார்த்து, க்ரோன்ஸ் என்றார்கள். உடம்பின் காவல்காரனே சொந்தக் குடலை அடிக்கிற வியாதி என்று நான் விளக்கினேன். "காவக்காரனா? எங்க ஏரியா ரவுடினு சொல்லு" என்றாய். அதற்கான ஊசி மருந்தில் இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தாய். பிறகு சாப்பிட்டால் வலி, உப்புசம், வயிற்றில் ஏதோ உருளுகிறது என்று ஆரம்பித்தாய். அந்த ஆடி மாதம் ஸ்கேன் எடுத்தோம்.

டாக்டர் அறையில் நடந்ததை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் தமிழில்தான் தொடங்கினார். நான்தான் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டேன். ஒரு டாக்டரிடம் செல், திசு என்று பேசக் கிடைத்ததே என்கிற அற்ப சந்தோஷம். அதற்கப்புறம் அவரும் இங்கிலீஷுக்கு மாறினார். பத்து நிமிஷம் நாங்கள் இரண்டு பேரும் உன் குடலைப் பற்றிப் பேசினோம். நீ நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வரும் வழியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி உன் எக்ஸ்.எல். வண்டியை நிறுத்தினாய். டீக்கடை. ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாய்.

"இன்னா சொல்றாரு? நீங்க ரெண்டு பேரும் பேசிகினே கீறீங்க, எனக்கு ஒன்னியும் புரியல."

"நல்ல செய்திதான்டா. புண்ணு ஆறிடுச்சு. தழும்புதான் இருக்கு."

"தழும்பா? எங் கால்லகூடத்தான் கீது, கிளிஞ்சல் கிழிச்சது. அது இன்னா பண்ணுது?"

"அந்த எடத்துல குழாய் குறுகியிருக்காம். வெட்டி எடுத்துட்டா நல்லதுங்கறார். கொஞ்ச நாளைக்கு மலம் போறதுக்கு வயித்துல பை வெக்க வேண்டி வந்தாலும் வரலாமாம்."

நீ டீ கிளாஸை வைத்துவிட்டாய். "பையா? கடைல மீன் நாத்தத்தோட அதுவும் சேந்துகிச்சுன்னா எவன்டா வருவான்? பேஜாரா போயிடும் வாத்தி." பிறகு, என்னையே பார்த்துக்கொண்டு கேட்டாய். "ஆறிப் போச்சுன்ற. அப்பால எதுக்கு வெட்டணும்ன்ற?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பது வாத்தியார் நாக்கில் சுலபத்தில் வராது. "கொஞ்ச நாள் பாக்கலாம்டா" என்றேன். உனக்கு அதுதான் வேண்டியிருந்தது, முகம் தெளிந்துவிட்டது. கவரை என்னிடம் நீட்டினாய். "இத்த உங்க வூட்ல வெய்யி. தேவி கண்டி பாத்தா இன்னிக்கே என்னைக் கொண்டுபோயி படுக்க வெச்சிருவா." நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் மச்சான், நடந்தது.

அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகை. தேவி வேண்டிக்கொண்டாள் என்று தண்ணீரும் மோருமாக விரதம் இருந்து குன்றத்தூர் மலை ஏறினாய். சாயங்காலம் போன் பண்ணினாய். மலை மேல் கூட்ட இரைச்சல் கேட்டது. "வாத்தி, இன்னிக்கு வலியே இல்லடா! சுத்தமா இல்ல! முருகன் கண்ண தொறந்துட்டாரு!"

முருகனோடு விட்டிருந்தால் தேவலை. நான் நடுவில் புகுந்தேன். விரதம் இருந்தால் செல்லுக்குள் துப்புரவு நடக்கும் என்று அப்போது திரும்பின பக்கமெல்லாம் வீடியோ. ஆட்டோஃபேஜி என்பது நான் வகுப்பிலேயே நடத்துகிற விஷயம். மறுநாள் கடையில், நீ வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டே கேட்க, நான் கத்தரிக்காய்ப் பையோடு நின்று பாடம் எடுத்தேன். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு காயலான் கடை இருக்குடா. பழசு, உடைஞ்சது எல்லாத்தையும் அது உருக்கி, புதுசா வேற சாமான் பண்ணும். வெளியிலேர்ந்து சாப்பாடு வரலன்னா இன்னும் மும்முரமா வேலை செய்யும். உன் வியாதி வந்தவங்க சில பேருக்கு அந்தக் கடை பொறப்புலயே சரியா ஓடாதாம்."

"அப்ப எங் குடல்ல காயலாங்கடைக்காரன் லீவுல கீறானா?"

"விரதம் இருந்தா வேலைக்கு வந்துடுவான். தழும்பையும் பிரிச்சு எடுத்துடுவான்."

முதல் வாக்கியம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாவதை நானாகச் சேர்த்தேன். சேர்க்கும்போது எனக்கே தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

உனக்கு ஏன் வலி நின்றது என்று இப்போது ஒரு சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். உள்ளே ஒன்றும் போகவில்லை, அதனால் குறுகின இடத்தில் ஒன்றும் சிக்கவில்லை. பந்த் அன்றைக்கு ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நெரிசல் இல்லை என்பதற்காக ரோடு அகலமாகிவிட்டது என்று எவனாவது சொல்வானா? நான் சொன்னேன். எம்.எஸ்ஸி., பி.எட். படித்துவிட்டுச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் விரதம் என்று ஆயிற்று. பிறகு வெள்ளியும் சேர்ந்தது. ஐப்பசி வாக்கில் நீ ஒரு நாள் சாப்பிட்டால் ஒரு நாள் பட்டினி. டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டாய், ஊசியையும் ஒன்றிரண்டு தடவை தள்ளிப்போட்டாய். பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டினாய். "ஹீரோ மாதிரி ஆயிட்டேன் பாத்தியா" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாய். தேவிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் நீ ஐஸ் வாங்கப் போயிருந்தபோது, தராசைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "அண்ணா, இவரு இப்டி எளச்சிகினே போறாரே, டாக்டராண்ட ஒரு தரம் காட்டலாமா?" "உடம்பு சுத்தமாகுதும்மா, பயப்படாத" என்றேன் நான். சரி என்று தலையாட்டினாள். நான் படித்தவன் இல்லையா.

மாட்டுப் பொங்கலன்று காலையில் நீ பனங்கிழங்கு கேட்டாய். விரதமில்லாத நாள். தேவி மஞ்சளும் உப்பும் போட்டு வேக வைத்துக் கொடுத்தாள். பொங்கல் சமயம் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். நீ ஆசையாக ஆறோ ஏழோ தின்றாய். மதியத்துக்கெல்லாம் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது, பச்சையாக வாந்தி. நான் வந்தபோது நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். "வாத்தி, காயலாங்கடைல நெருப்பு புடிச்சிகிச்சுடா" என்றாய். சிரிக்க வைக்கத்தான் சொன்னாய் என்று நினைக்கிறேன். இப்போதும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். குறுகின இடத்தில் கிழங்கு நார் அடைத்து, அதற்கு மேலே ஊதிப்போன குடல் கிழிந்திருந்தது. தாங்குகிற சதை உன் உடம்பில் இல்லை. ஆறாம் நாள் போய்விட்டாய். இதெல்லாம் உனக்குத் தெரியாது, மயக்கத்தில் இருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து நான் படித்துக்கொண்டே இருக்கிறேன் மச்சான். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. காயம் பட்ட இடத்தில் நார் பின்னுகிற செல்கள் உண்டு. வேலை முடிந்ததும் அவை ஓய வேண்டும். உன் குடலில் ஓயவில்லை, அழற்சி அடங்கின பிறகும் பின்னிக்கொண்டே இருந்தன. தோலில் தழும்பு என்றால் கதை முடிந்தது. குழாய்க்குள் தழும்பு என்றால் அங்கேதான் ஆரம்பம். சரி, இது விளங்கிவிட்டது. செல்லின் துப்புரவு ஒழுங்காக நடந்தால் நார் சேர்வது குறையலாம் என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறது. அப்பாடா, நான் சொன்னது முழுக்கப் பொய் இல்லை என்று மூச்சு விடுவதற்குள், நார் பின்னுகிற செல்லே அந்தத் துப்புரவை வைத்துத்தான் உயிர் பிழைத்துக்கொண்டிருக்கலாம் என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. பட்டினி கிடந்தால் மனுஷக் குடலில் அது எவ்வளவு நடக்கும் என்பதற்கோ யாரிடமும் நேரான பதில் இல்லை. அறுவை செய்த டாக்டரிடமும் கேட்டேன். "விரதத்தால தழும்பு வரல சார். ஆனா வலிய மறைச்சிடுச்சு" என்றார். இது எனக்கு ஆறுதலா, தண்டனையா? ஒரு நாள் ஆறுதலாகப் படுகிறது. மறுநாள் பல் துலக்கும்போதே மாறிவிடுகிறது.

இனி அந்தத் தாளுக்கு வந்துதான் ஆக வேண்டும். அது ரசீது இல்லை. நீ என்னென்ன சாப்பிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியல். இங்கிலீஷில் அச்சடித்தது. சோளம், கீரைத் தண்டு, தோலோடு பழம் என்று போய், நார் நிறைந்த கிழங்குகள் என்று ஒரு வரி. டாக்டர் அதற்குக் கீழே பேனாவால் கோடே போட்டிருந்தார். சமைக்கிறவள் கைக்குப் போக வேண்டிய தாள், ஆறு மாதமாக என் பீரோவில் என் வேட்டிகளோடு இருந்தது.

பீரோவை அப்படியே திறந்து போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். எனக்குத் தாளைவிடத் தேவி நினைப்புதான் வந்தது. உன்னை எடுத்த பிறகு அவள் என் மனைவியிடம் ஒன்று சொல்லியிருந்தாள்: "நாந்தான்க்கா வேக வெச்சு குடுத்தேன். எங் கையாலயே குடுத்து அனுப்பிட்டேன்." இப்போது உன் கடையை அவள்தான் நடத்துகிறாள். பொங்கல் வந்து, எதிர்ப்புறம் கிழங்கு வண்டி நின்றால், அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாள். ஒரு வருஷமாக அவள் செய்யாத கொலையை அவள் சுமக்கிறாள். அதை இறக்க ஒரு வழிதான் இருந்தது. நான் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் என்னை யார் என்று நினைப்பாள்? உன் பிள்ளைகளுக்கு நான் பெரியப்பா. பயந்தேன் மச்சான். பொங்கல் நாலு நாளும் பயந்தேன். வருஷத் திவசம் முடியட்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். அதுவும் முடிந்தது.

அதற்கடுத்த ஞாயிறு மதியம், கடை கட்டிவிட்டு அவள் வந்த பிறகு, பள்ளிக்கரணையில் உங்கள் வீட்டுக்குக் கவரோடு போனேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொன்னது, நான் கவரை ஒளித்தது, தாள், தாளில் இருந்த வரி. வரியைத் தமிழில் படித்தும் காட்டினேன். அவள் அழவில்லை. அந்தப் பேனாக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப அவரு தெரிஞ்சேதான் கெழங்கு கேட்டாராண்ணா?"

நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை அது. திட்டுவாள், தாளைக் கிழித்து முகத்தில் எறிவாள் என்றெல்லாம் நினைத்து வந்திருந்தேன். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் நீ அவளை விட்டுப் போக நினைத்தாயா என்பதுதான்.

"இல்லம்மா. அவனுக்குத் தெரியாது. ஆறிடுச்சுன்னு நான்தான் சொல்லியிருந்தேன்."

"அவருக்குத் தெரியாது."

"சத்தியமா தெரியாது."

தலையை ஆட்டினாள். தாளை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "சரி, நீங்க கெளம்புங்க" என்றாள். வருகிறேன் என்று சொல்லி எழுந்தேன். வாங்க என்று அவள் சொல்லவில்லை. மூன்று வாரம் ஒரு பேச்சும் இல்லை. கடைக்குப் போக எனக்கும் முகம் இல்லை. வீட்டில் மீன் வாங்குவதையே விட்டுவிட்டோம்.

போன புதன்கிழமை போன் வந்தது. அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே கொஞ்ச நாளாக வலி. ஸ்கேன் எடுத்திருக்கிறாள். "ரிப்போட்டு இங்கிலீஷ்ல கீதுண்ணா. நீங்க அத்த படிக்க வேணாம். எங்கூட டாக்டர் ரூம் வரிக்கும் வாங்க, போதும்."

போனேன். கவரை அவளே வைத்துக்கொண்டாள். டாக்டர் என்னைப் பார்த்ததும் இங்கிலீஷில் ஆரம்பித்தார். "அவங்களப் பாத்துத் தமிழ்ல சொல்லுங்க டாக்டர்" என்றேன். பித்தப்பையில் கல் என்றார். அது எங்கே வந்து அடைக்கும், எப்போது எடுக்க வேண்டும், எதற்காக இப்போது எடுக்க வேண்டாம் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. மிச்சக் கால்வாசியை நானே நிரப்பிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை.

"புரியல டாக்டர்" என்றேன். "இன்னொரு தரம் சொல்லுங்க."

மறுபடி சொன்னார். மறுபடி ஓரிடம் இடறியது. மறுபடி கேட்டேன். மூன்றாம் தடவை அவர் கொஞ்சம் சலித்துக்கொண்டு ஒரு தாளில் படம் போட்டார். தேவி குனிந்து பார்த்து, "அப்ப இது இங்க வந்து மாட்டிகிச்சுன்னாதான் டேஞ்சரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். என்னென்ன வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று அவளே கேட்டு, அவளே திருப்பிச் சொல்லிக் காட்டினாள். ஒன்றும் விடவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். மெயின் ரோட்டில் வெயில். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பஸ் வருகிற பக்கம் பார்த்தபடி சொன்னாள்:

"அவருக்கும் ஒரு தரம் இப்டி கேட்டிருக்கலாமேண்ணா."

கோபமாகச் சொல்லவில்லை மச்சான். கோபமாகச் சொல்லியிருந்தால் என்றைக்காவது எங்கேயாவது இறக்கி வைத்திருப்பேன். பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி, ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள்.